புவியின் சுழற்சியும் காற்றில் ஒலி பரவுதலும்

புவி தன் அச்சில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. ஒலி காற்றை ஊடகமாகக் கொண்டு பரவுகிறது. சுழலும் புவியின் மீது கிழக்கு நோக்கிச் செல்லும் ஒலியும் மேற்கு நோக்கிச் செல்லும் ஒலியும் ஒரே வேகத்தில் செல்லுமா என்பது இயற்பியல் பயில்வோருக்கு இயல்பாகவே எழும் கேள்வி. காற்று வீசாத நிலையில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் செல்லும். வளிமண்டலமும் புவியுடன் சேர்ந்தே சுழல்வது இதற்குக் காரணம். ஆயினும் புவியின் சுழற்சிக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லை என்று கூறிவிட முடியாது. காற்றோட்டங்களின் திசையையும் பகல், இரவு வெப்பநிலை மாற்றத்தையும் தீர்மானிப்பதன் மூலம், ஓர் ஒலி எவ்வளவு தொலைவுக்கு, எந்தத் திசையில் கேட்கும் என்பதைப் புவியின் சுழற்சி மறைமுகமாகப் பெரிதும் பாதிக்கிறது.

இரண்டு வேகங்கள்

புவி ஒரு முழுச் சுற்றை 23 மணி 56 நிமிடம் 4 விநாடிகளில் முடிக்கிறது. நிலநடுக்கோட்டில் உள்ள ஓர் இடம் இச்சுழற்சியால் விநாடிக்கு ஏறத்தாழ 465 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்கிறது. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல இந்த வேகம் குறைகிறது. 13 பாகை வட அட்சரேகையில் அமைந்துள்ள சென்னையில் இது விநாடிக்கு ஏறத்தாழ 453 மீட்டர். துருவத்தில் சுழி.

காற்றில் ஒலியின் வேகம் முதன்மையாக வெப்பநிலையைச் சார்ந்தது. 0 பாகை செல்சியசில் அது விநாடிக்கு 331 மீட்டர். 20 பாகையில் 343 மீட்டர். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால், வெப்ப மண்டல நாடுகளில் உள்ள ஒவ்வொரு வீடும் மரமும் மனிதரும் ஒலியைவிட வேகமாகக் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருப்பது புலப்படும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் அமைந்துள்ள 42 பாகை அட்சரேகையை அடுத்துத்தான் இரு வேகங்களும் ஏறத்தாழச் சமமாகின்றன. அதற்கும் வடக்கே சுழற்சி வேகம் ஒலியின் வேகத்தைவிடக் குறைவு. இந்த ஒப்பீடே பல தவறான எண்ணங்களுக்குத் தொடக்கமாக அமைகிறது.

வளிமண்டலமும் சேர்ந்து சுழல்தல்

ஒலியின் வேகம் என்பது அது பரவும் ஊடகத்தைப் பொறுத்த வேகம். விநாடிக்கு 343 மீட்டர் என்பது காற்றைப் பொறுத்த அளவு. விண்வெளியில் நிலையாக நிற்கும் ஏதோ ஒரு புள்ளியைப் பொறுத்த அளவு அன்று. எனவே ஒலிக்கும் சுழற்சிக்கும் உள்ள உறவை அறிய, காற்று எவ்வாறு நகர்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நிலத்துக்கும் காற்றுக்கும் இடையிலான உராய்வு, காற்றின் ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையிலான உராய்வு ஆகியவற்றால் வளிமண்டலம் புவியுடன் சேர்ந்தே சுழல்கிறது. நிலத்தைப் பொறுத்துக் காற்றுக்கு எஞ்சியிருக்கும் சிறிய இயக்கத்தையே காற்று வீசுதல் என்கிறோம். பலமான புயலில்கூட அது விநாடிக்குச் சில பத்து மீட்டர்கள் அளவிலேயே இருக்கும்.

வளிமண்டலம் சுழலாமல் நின்று, புவி மட்டும் அதனுள் சுழல்வதாகக் கற்பனை செய்தால் வேறுபாடு தெளிவாகும். அப்போது சென்னையில் விநாடிக்கு 453 மீட்டர் வேகத்தில் கிழக்கிலிருந்து இடைவிடாமல் காற்று வீசும். மேற்கே நிற்பவரிடம் ஒலி விநாடிக்கு 796 மீட்டர் வேகத்தில் போய்ச் சேரும். கிழக்கே நிற்பவரோ ஒலியைவிட வேகமாக விலகிச் செல்வதால் அவருக்கு ஒலி எட்டவே எட்டாது. ஒரு தெருவின் கிழக்கு முனையில் இருப்பவருக்கு மேற்கு முனையில் பேசுவது ஒருபோதும் கேட்காது. அன்றாட வாழ்வில் இவ்வாறு நிகழ்வதில்லை என்பதே காற்றும் புவியுடன் சேர்ந்து சுழல்வதற்கு எளிய சான்று.

ஓடும் தொடர்வண்டியின் மூடிய பெட்டிக்குள் நடக்கும் உரையாடலை இதற்கு ஒப்பிடலாம். பெட்டிக்குள் உள்ள காற்றும் வண்டியுடன் செல்வதால், முன் இருக்கையில் இருப்பவர் பேசுவது பின்னால் இருப்பவருக்கும், பின்னால் இருப்பவர் பேசுவது முன்னால் இருப்பவருக்கும் ஒரே கால அளவில் கேட்கிறது. பேசுபவர், கேட்பவர், ஊடகம் ஆகிய மூன்றும் ஒன்றாக நகர்வதால் சுருதி மாறுபடும் டாப்ளர் விளைவும் ஏற்படுவதில்லை.

ஒலி முழக்கம் ஏற்படாதது ஏன்?

ஒலியைவிட வேகமாகச் செல்லும் வானூர்தி அதிர்ச்சி அலையை உண்டாக்குகிறது. அது தரையில் ஒலி முழக்கமாகக் கேட்கிறது. விநாடிக்கு 453 மீட்டர் வேகத்தில் நகரும் சென்னைக் கட்டடங்கள் அத்தகைய முழக்கத்தை உண்டாக்காததற்குக் காரணமும் முன்னர்க் கூறியதே. அதிர்ச்சி அலை தோன்றுவதற்கு ஒரு பொருள் தன்னைச் சூழ்ந்துள்ள காற்றைப் பொறுத்து ஒலியைவிட வேகமாகச் செல்ல வேண்டும். கட்டடங்களோ காற்றைப் பொறுத்து ஏறத்தாழ ஓய்வில் உள்ளன.

2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சென்ற ஒரு பயணியர் வானூர்தி, பலமான பின்காற்றின் உதவியால் 4 மணி 56 நிமிடங்களில் பயணத்தை முடித்தது. ஒரு கட்டத்தில் அதன் தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. தரைமட்டத்தில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,235 கிலோமீட்டர்தான். ஆயினும் ஒலி முழக்கம் ஏற்படவில்லை. வானூர்தியைச் சூழ்ந்திருந்த காற்றும் கிழக்கு நோக்கி விரைந்துகொண்டிருந்ததால், அக்காற்றைப் பொறுத்து வானூர்தியின் வேகம் ஒலியின் வேகத்துக்குக் குறைவாகவே இருந்தது.

கொரியோலிஸ் விளைவும் ஒலி அலையும்

சுழலும் புவியின் மீது நகரும் பொருள்கள் வட அரைக்கோளத்தில் தம் பாதையிலிருந்து வலப்புறமாகவும், தென் அரைக்கோளத்தில் இடப்புறமாகவும் விலகுவதாகத் தோன்றும். இவ்விலக்கத்தைக் கணித முறையில் 1835-ஆம் ஆண்டு விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் கஸ்பார்-குஸ்தாவ் கொரியோலிஸின் பெயரால் இது கொரியோலிஸ் விளைவு எனப்படுகிறது. 45 பாகை அட்சரேகையில் 20 கிலோமீட்டர் தொலைவை ஒரு நிமிடத்தில் கடக்கும் பீரங்கிக் குண்டு இவ்விளைவால் ஏறத்தாழ 60 மீட்டர் விலகுகிறது. ஒலியும் இவ்வாறு விலகுமா என்பது அடுத்த கேள்வி.

குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு செல்லும் தனிப் பொருள். ஒலியோ ஊடகத்தின் அதிர்வு. ஒலி செல்லும்போது காற்றுத் துகள்கள் தம் இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. அதிர்வு மட்டுமே முன்னேறுகிறது. ஊடகம் புவியுடன் சேர்ந்து சுழலும்போது அலையையும் உடன் திருப்பிக்கொண்டு செல்கிறது. ஆகவே நிலத்தில் நிற்பவருக்கு ஒலிக்கதிர் நேராகவே செல்வதாகத் தோன்றும். குண்டைப் போல அது விலகுவதில்லை.

அதிரும் காற்றுத் துகள்கள் மீதும் கொரியோலிஸ் விசை செயல்படத்தான் செய்கிறது. ஆனால் ஒலியில் துகள்கள் மிக விரைவாகத் திசை மாறுவதால் அவ்விசை ஒரு திசையில் வளர்வதற்குக் காலம் கிடைப்பதில்லை. துகளின் அதிர்வு முடுக்கத்துடன் ஒப்பிட்டால் கொரியோலிஸ் முடுக்கத்தின் பெரும அளவு பின்வருமாறு அமைகிறது:

- 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியில் ஏறத்தாழ 4 கோடியில் ஒரு பங்கு.
- மனிதச் செவி உணரும் கீழ் எல்லையான 20 ஹெர்ட்சில் ஏறத்தாழ 8.6 லட்சத்தில் ஒரு பங்கு.
- ஓர் அதிர்வுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மிக மெதுவான அழுத்த அலையில் ஏறத்தாழ 12-இல் ஒரு பங்கு.

அலையின் வேகத்தில் ஏற்படும் மாற்றம் இவ்விகிதத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால் அது இன்னும் சிறியது. எனவே பேச்சு, இசை, இடி முதலிய செவிக்குக் கேட்கும் ஒலிகளில் கொரியோலிஸ் விளைவை முற்றாகப் புறக்கணிக்கலாம். மணிக்கணக்கில் நீளும் வளிமண்டல அலைகளில் மட்டுமே அது பொருட்படுத்தத்தக்கது.

ஒளியுடன் ஒப்பீடு

ஒளியைக் கொண்டு புவியின் சுழற்சியை அளக்க முடியும். 1925-இல் ஆல்பர்ட் மைக்கல்சன், ஹென்றி கேல் ஆகியோர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 612 மீட்டர் நீளமும் 339 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வக வடிவில் குழாய்களை அமைத்து, அவற்றிலிருந்து காற்றை வெளியேற்றி, இரு எதிர்த் திசைகளில் ஒளிக்கதிர்களைச் சுற்றிவரச் செய்தனர். புவி சுழல்வதால் இரு கதிர்களுக்கும் இடையே எதிர்பார்க்கப்பட்ட நுண்ணிய வேறுபாடு அளவிடப்பட்டது. ஒளிக்கு ஊடகம் தேவையில்லை என்பதால் புவியுடன் சேர்ந்து அதைச் சுமந்து செல்ல அங்கு எதுவும் இல்லை. அதே குழாய்களில் காற்றை நிரப்பி ஒலியைச் சுற்றிவரச் செய்தால், குழாயுடன் சேர்ந்து சுழலும் காற்று அத்தகைய வேறுபாட்டை நீக்கிவிடும்.

கிரக்கத்தோவா எரிமலை அளித்த சான்று

ஒலியை ஒத்த அழுத்த அலை கிழக்காகவும் மேற்காகவும் புவியை முழுமையாகச் சுற்றிவந்ததை மனிதர் முதன்முதலில் கருவிகளால் பதிவு செய்தது 1883-இல். அவ்வாண்டு ஆகஸ்ட் 27 அன்று காலை, சாவகத்துக்கும் சுமத்திராவுக்கும் இடையில் உள்ள கிரக்கத்தோவா எரிமலைத் தீவு வெடித்துச் சிதறியது. அதன் ஒலி மேற்கே ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தொலைவில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரொட்ரிகஸ் தீவில் பீரங்கி முழக்கம் போலக் கேட்டது. கிழக்கே ஆஸ்திரேலியாவிலும் கேட்டது.

செவிக்குக் கேளாத அழுத்த அலையோ அதற்கும் அப்பால் சென்றது. உலகெங்கும் இருந்த காற்றழுத்தமானிகள் அதைப் பதிவு செய்தன. அலை எரிமலைக்கு நேர் எதிரே புவியின் மறுபுறத்தில் உள்ள கொலம்பியா நாட்டுப் பகுதியில் குவிந்து, மீண்டும் பரவித் திரும்பியது. ஏறத்தாழ ஒன்றரை நாளுக்கு ஒருமுறை புவியைச் சுற்றிய அவ்வலை சில நிலையங்களில் 7 முறை வரை பதிவானது. நிலத்தை ஒட்டி, வளிமண்டலத்தின் பெரும்பகுதியையும் நிறைத்துச் செல்லும் இவ்வகை அலை பின்னாளில் லாம்ப் அலை எனப் பெயர் பெற்றது.

பிரித்தானிய வானிலையியலாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி இப்பதிவுகளை ஆராய்ந்தார். புவியின் சுழற்சித் திசையிலேயே, அதாவது மேற்கிலிருந்து கிழக்காகச் சென்ற அலை, எதிர்த் திசையில் சென்ற அலையைவிடச் சற்று விரைவாகப் புவியைச் சுற்றியதை அவர் கண்டார். மேலோட்டமாகப் பார்த்தால் புவியின் சுழற்சி ஒலிக்கு வேகம் கூட்டியதாகத் தோன்றும். ஆனால் ஸ்ட்ராச்சி வேறு விளக்கம் தந்தார். அலை சென்ற பாதைகளில் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 14 மைல், அதாவது 22 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கிலிருந்து காற்று வீசியிருந்தால், பதிவான வேறுபாடு முழுவதற்கும் அதுவே போதும் என்று அவர் குறிப்பிட்டார். புவியின் சுழற்சி வேகம் நேரடியாகச் சேர்ந்திருந்தால் வேறுபாடு மணிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டராக இருந்திருக்கும். ஒரு திசையில் அலை புவியைச் சுற்றி வந்திருக்கவே முடியாது.

2022 ஜனவரி 15 அன்று பசிபிக் பெருங்கடலில் ஹங்கா டோங்கா எரிமலை வெடித்தபோதும் இத்தகைய அலை உலகைப் பலமுறை சுற்றி வந்தது. ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அலாஸ்காவில் வெடிப்பின் ஒலி செவிக்குக் கேட்டது.

மறைமுக விளைவு: காற்றோட்டங்கள்

ஸ்ட்ராச்சி சுட்டிய மேற்குக் காற்று எவ்வாறு தோன்றுகிறது என்று பார்க்கும்போது புவியின் சுழற்சி மீண்டும் வந்து சேர்கிறது. ஒலி அலையில் துகள்கள் நொடிக்குப் பலமுறை திசை மாறுகின்றன. காற்றோட்டமோ நாள்கணக்கில் ஒரே திசையில் செல்கிறது. எனவே ஒலியில் புறக்கணிக்கத்தக்க கொரியோலிஸ் விளைவு, காற்றோட்டத்தில் முழு வலிமையுடன் செயல்படுகிறது. புவி சுழலாவிட்டால் காற்று வெப்பமான பகுதிக்கும் குளிர்ந்த பகுதிக்கும் இடையே பெரும்பாலும் வடக்குத் தெற்காகவே ஓடும். சுழல்வதால் அது கிழக்கு மேற்காகத் திரும்புகிறது. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்ததும் வலப்புறம் திரும்பி, இந்தியாவின் தென்மேற்குப் பருவக்காற்றாக மாறுவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

காற்று ஒலியின் வேகத்தை நேரடியாக மாற்றுகிறது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது, காற்றின் திசையில் ஒலி விநாடிக்கு 353 மீட்டரும், எதிர்த் திசையில் 333 மீட்டரும் செல்லும். அமைதியான காற்றில் 10 விநாடியில் கடக்கும் 3.43 கிலோமீட்டரை முதல் திசையில் 9.7 விநாடியிலும், மறு திசையில் 10.3 விநாடியிலும் கடக்கும்.

கால வேறுபாட்டைவிட முக்கியமானது ஒலியின் வளைவு. தரைக்கு அருகில் காற்றின் வேகம் குறைவு. மேலே செல்லச் செல்லக் கூடுதல். காற்றின் திசையில் செல்லும் ஒலி அலையின் மேற்பகுதி விரைந்து செல்வதால் அலை தரையை நோக்கி வளைகிறது. எதிர்த் திசையில் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து, கேட்பவரின் தலைக்கு மேலே சென்றுவிடுகிறது. இதை 1857-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் விளக்கினார். எதிர்க்காற்றில் கூவினால் கேட்காமல் போவதற்குக் காற்று ஒலியைத் தடுப்பது காரணமன்று. ஒலி மேல்நோக்கி வளைந்துவிடுவதே காரணம்.

அடுக்கு மண்டலமும் மௌன வளையமும்

1901 பிப்ரவரி 1 அன்று இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் உடலைக் கடல்வழியே கொண்டுசென்றபோது மரியாதைக் குண்டுகள் முழக்கப்பட்டன. அருகில் இருந்த பல ஊர்களில் அவ்வொலி கேட்கவில்லை. 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஊர்களில் தெளிவாகக் கேட்டது. இவ்வாறு இடையில் ஒலி கேட்காமல் போகும் பகுதி மௌன வளையம் எனப்படுகிறது.

ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 0 பாகை செல்சியசுக்கு அருகில் இருக்கும். அங்கு ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர். இது தரைமட்ட வேகமான 340 மீட்டரைவிடக் குறைவு என்பதால், ஒலி தரைக்குத் திரும்ப வெப்பநிலை மட்டும் போதாது. அவ்வுயரத்தில் மேற்கிலிருந்து விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், கிழக்கு நோக்கிச் செல்லும் ஒலியின் வேகம் 380 மீட்டர் ஆகிறது. அவ்வொலி கீழ்நோக்கி வளைந்து தொலைவில் தரையை அடைகிறது. மேற்கு நோக்கிச் செல்லும் ஒலியின் வேகமோ 280 மீட்டராகக் குறைகிறது. அது மேலேயே சென்றுவிடுகிறது.

இக்காற்றின் திசை பருவத்துக்கேற்ப மாறுகிறது. வட அரைக்கோளக் குளிர்காலத்தில் இருளில் இருக்கும் துருவப் பகுதி குளிர்வதால், அவ்வுயரத்தில் அழுத்தம் அங்குக் குறைகிறது. துருவத்தை நோக்கித் தள்ளப்படும் காற்று கொரியோலிஸ் விளைவால் வலப்புறம் திரும்பி மேற்குக் காற்றாகிறது. கோடையில் துருவம் இடைவிடாது வெயில் பெற்று வெப்பமடைவதால் நிலை தலைகீழாகிக் கிழக்குக் காற்று வீசுகிறது. முதல் உலகப் போரின்போது பிரான்சு, பெல்ஜியம் போர்முனைப் பீரங்கிகளின் ஒலி கோடையில் மேற்கே இங்கிலாந்திலும், குளிர்காலத்தில் கிழக்கே ஜெர்மனியிலும் மிகுதியாகக் கேட்டது இதனால்தான்.

பகலும் இரவும்

புவியின் சுழற்சியால் ஏற்படும் பகல், இரவு மாற்றமும் ஒலியின் பாதையை மாற்றுகிறது. பகலில் வெயிலால் தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலுள்ள காற்று குளிர்ச்சியாகவும் இருக்கும். ஒலி எப்போதும் வேகம் குறைந்த, அதாவது குளிர்ந்த பக்கத்தை நோக்கி வளைவதால், பகலில் அது மேல்நோக்கி வளைந்து தரையை விட்டு விலகுகிறது. தெளிந்த வானம் கொண்ட இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாகிறது. இது வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் எனப்படும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்கிறது. பகலில் கேட்காத தொடர்வண்டியின் ஊதலும், பக்கத்து ஊர்க் கோயிலின் ஒலிபெருக்கியும் பின்னிரவிலும் அதிகாலையிலும் தெளிவாகக் கேட்பதற்கு, சுற்றுப்புற இரைச்சல் குறைவதுடன் இதுவும் காரணம்.

வெடிப்புகளைக் கண்டறிதலில் பயன்பாடு

20 ஹெர்ட்சுக்குக் குறைந்த அதிர்வெண் கொண்ட ஒலி குற்றொலி எனப்படுகிறது. காற்றில் இதன் ஆற்றல் மிகக் குறைவாகவே உட்கவரப்படுவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். 1996-இல் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்ட முழுமையான அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையின் கண்காணிப்பு அமைப்பில் 60 குற்றொலி நிலையங்கள் இடம்பெறத் திட்டமிடப்பட்டன. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்தபோது எழுந்த குற்றொலியை இந்நிலையங்கள் பதிவு செய்தன.

ஒவ்வொரு நிலையத்திலும் பல உணர்கருவிகள் இடைவெளி விட்டு நிறுவப்பட்டிருக்கும். அலை அவற்றை அடையும் நேர வேறுபாட்டிலிருந்து அது வந்த திசை கணிக்கப்படுகிறது. பல நிலையங்கள் காட்டும் திசைகளையும் நேரங்களையும் இணைத்து வெடிப்பு நிகழ்ந்த இடம் கண்டறியப்படுகிறது. இக்கணக்கில் புவியின் சுழற்சி வேகத்தை ஒலியின் வேகத்துடன் கூட்டவோ கழிக்கவோ தேவையில்லை. அன்றைய நாளில் பல்வேறு உயரங்களில் வீசிய காற்றின் வேகத்தையும் திசையையும் வெப்பநிலையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பக்கவாட்டில் வீசும் பலமான காற்று ஒலி வந்த திசையைச் சில பாகைகள் மாற்றிக் காட்டக்கூடும். ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாகைப் பிழை என்பது ஏறத்தாழ 17 கிலோமீட்டர் இடப் பிழையாகும். நிகழ்ந்தது எரிமலை வெடிப்பா, சுரங்க வெடிப்பா, அணுச் சோதனையா என்று முடிவு செய்யும்போது அத்தகைய பிழை பெரிது.